படைவீரன் என்பவன் யார்? - ஒரு ரோட்டு வேலைக்காரரை முன்வைத்து

எங்கள் வளவில் பெரியப்பாவுக்கு 'மிலிட்டரி' என்று பேர். ஊருக்குள் அவருக்கு அந்தப் பேர் கிடையாது. அங்கே அவர் 'ரோட்டு வேலைக்குப் போன மாதாரி'. அன்னூர்ப் பக்கத்துச் சின்ன ஊர்தான். நடுவில் ஒரு வண்டித்தடம். தடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பேர், அந்தப் பக்கம் ஒரு பேர். இரண்டில் எது சரி என்று சட்டத்தைப் போய்க் கேட்டால் அது ஊர்ப்பக்கம்தான் நிற்கிறது. இது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் எழுதியது இது.

பெரியப்பா 1971இல் வேலைக்குச் சேர்ந்தார். எல்லைச் சாலைகள் அமைப்பின் கீழ் வருகிற ஜெனரல் ரிசர்வ் இன்ஜினியர் போர்ஸ் - சுருக்கமாக கிரெஃப். சேர்ந்த வேலைக்குப் பேர் பயனியர். முன்னோடி என்று அகராதி சொல்லும். அங்கே அதற்கு அர்த்தம் மண்வெட்டி, கடப்பாரை, கல்லுடைக்கிற சுத்தியல். அருணாச்சலத்தில் வர்த்தக் பிராஜெக்ட், அப்புறம் காஷ்மீர், கடைசியில் லடாக். சேலா கணவாய் 13,700 அடி, கர்துங் லா 17,500 அடிக்கும் மேல் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கணக்குச் சொல்வார். பாறைக்கு வெடி வைத்தார், பனி சரிந்தால் தோண்டினார், தோண்டும்போது சில சமயம் தோழர்களின் உடம்பையும் எடுத்தார். இடது காலில் இரண்டு விரலைப் பனி தின்றுவிட்டது. 2010இல் ஓய்வு. உடுப்பு இருந்தது, நம்பர் இருந்தது, சல்யூட் இருந்தது. ராணுவம் போகிற ரோட்டை ராணுவத்துக்கு முன்னால் போய்ப் போட்டவர்.

2011இல் தம்பி பிளஸ் டூ முடித்தான். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்று யாரோ சொல்ல, சான்றிதழ் வாங்கப் பெரியப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார். நான் அப்போது கோவையில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். துணைக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அந்த எழுத்தரும் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஐயா, இது கிரெஃப். இது நம்மகிட்ட வராதுங்க."

"ஏனுங் சார்? உடுப்புப் போட்டிருந்தமுங். பரேடு நின்னமுங்."

"அதெல்லாம் சரிங்க. ரூல்ஸ்படி நீங்க முன்னாள் படைவீரர் இல்லீங்க. சிவிலியன்."

பெரியப்பா கொஞ்ச நேரம் தன் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப தப்புப் பண்ணுனா மட்டும் என்னத்துக்குங் சார் எங்காளுகள மிலிட்டரிக் கோர்ட்டுல நிறுத்துனாங்க?"

எழுத்தரிடம் பதில் இல்லை. அவரிடம் இருக்க வேண்டிய பதிலும் அல்ல அது. நான் வக்கீல் இல்லை, தமிழ் படித்தவன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விதிகளையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். படித்ததில் பெரியப்பாவின் கேள்வியை விடக் கூர்மையான ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

முன்னாள் படைவீரர் யார் என்பதை மத்திய அரசு வேலைகளுக்காகச் சொல்வது 1979ஆம் வருஷத்து மறுவேலைவாய்ப்பு விதிகள். குரூப் சி வேலைகளில் 10 சதவீதம், குரூப் டி வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு என்கிற விஷயமெல்லாம் இதைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. அந்த விதியின் முதல் வார்த்தைகளைப் படித்தால் மனசு குளிர்ந்துவிடும். எந்தத் தரத்தில் இருந்தாலும் சரி, சண்டை போடுகிறவராக இருந்தாலும் போடாதவராக இருந்தாலும் சரி, இந்திய ஒன்றியத்தின் ஆயுதப் படையில் பணி செய்தவர் என்று ஆரம்பிக்கிறது. பழைய சமஸ்தானங்களின் படைகளைக்கூடச் சேர்த்துக்கொள்கிறது. ராஜாக்களின் அரண்மனை வாசலில் நின்றவரும் உள்ளே. அடுத்த மூச்சில் 'ஆனால்' வருகிறது. அஸ்ஸாம் ரைபிள்ஸ், டிஃபென்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸ், ஜெனரல் ரிசர்வ் இன்ஜினியர் போர்ஸ், லோக் சகாயக் சேனா, பிராந்திய ராணுவம் - இவை நீங்கலாக. பெரியப்பாவின் முப்பத்தொன்பது வருஷம் அந்த 'நீங்கலாக'வில் போய்விட்டது.

கோவையில் பிராந்திய ராணுவத்தின் 110ஆவது பட்டாலியன் இருக்கிறது. அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் இரவோடு இரவாகப் பையன்கள் வந்து ரோட்டோரம் படுத்துக் கிடப்பார்கள். 1986க்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதிக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்தது: பென்ஷன் வாங்கினவர், பணியால் ஊனமானவர், வீரப் பதக்கம் பெற்றவர். மற்றவர் வெளியே. படுத்துக் கிடக்கிற பையன்கள் யாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உள்ளே இருப்பவர்களுக்காவது அளவுகோல் ஒன்றாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எந்தத் தேதியில் வெளியே வந்தாய் என்பதைப் பொறுத்து இலக்கணம் மாறும். 1987 ஜூலை 1க்கு முன்னால் கொஞ்ச காலம், சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு ஆறு மாதத் தொடர் பணி இருந்தால் போதும் என்றிருந்தது. தானாகக் கேட்டு விலகியவருக்கு ஐந்து வருஷம். அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவருக்குக் கேள்வியே வேறு. பாதுகாப்பு பட்ஜெட்டிலிருந்து பென்ஷன் வருகிறதா? இல்லையென்றால், ஒப்பந்தக் காலத்தை முழுசாக முடித்து கிராஜுவிட்டியோடு வந்தாயா? ஜூன் 30ஆம் தேதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் படைவீரர். மறுநாள் அதே வாசலில், அதே பெட்டியோடு, அதே ஏழு வருஷப் பணியை வேண்டாமென்று விட்டு வந்தவர் யாரோ ஒருத்தர்.

இதில் ஒரு தர்க்கச் சுழல் இருக்கிறது. படைவீரனாக இருந்ததால் பென்ஷன் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டமோ, பென்ஷன் வருவதால் படைவீரன் என்கிறது. கொடுப்பவன் எதைக் கொடுத்தான் என்பதைப் பார்த்து, வாங்கியவன் யார் என்று தீர்மானிப்பது. நம் பண்ணையங்களில் இந்தத் தர்க்கம் பழசு. வருஷக் கூலிக்கு இருந்தவனை 'எங்க பண்ணையத்தாள்' என்பார்கள். கூலி பாக்கியைக் கேட்டால், 'நீ எப்படா எங்கிட்ட ஆளாயிருந்த?' என்பார்கள்.

கிரெஃப்பை நீக்கியதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். அது சாலை போடுகிற சிவில் அமைப்பு, சம்பளமும் விடுப்பும் பென்ஷனும் சிவில் விதிப்படி என்று. அப்படியே இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது 1983ஆம் வருஷத்து ஒரு தீர்ப்பு.

விஸ்வன் எதிர் இந்திய ஒன்றியம் என்று அந்த வழக்குக்குப் பேர். பெரியப்பாவுக்கு இந்தப் பேர் தெரியாது. அவர் 'பெல்ட் கேசு' என்பார். அவர் காஷ்மீருக்கு மாறிப் போன பிறகு, வர்த்தக்கில் கிரெஃப் தொழிலாளர்கள் தலைமையகம் முன்பு கூடினார்கள், கோஷம் போட்டார்கள், பிடித்து வைத்திருந்த தோழர்களை விடச் சொன்னார்கள். இடுப்புப் பெல்ட்டைக் கழற்றிக் குவியலாகப் போட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளி செய்திருந்தால் வேலைநிறுத்தம் என்றிருப்பார்கள். அங்கே ராணுவச் சட்டம் பாய்ந்தது. ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தது. நாங்கள் ராணுவம் இல்லையே, சிவில் ஊழியர்களாயிற்றே, சங்கம் வைக்கவும் கூடவும் பேசவும் எங்களுக்கு அடிப்படை உரிமை இருக்கிறதே என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் சொன்னது: கிரெஃப் ஆயுதப் படையின் பிரிக்க முடியாத பகுதி. ஆகவே அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி அவர்களின் அடிப்படை உரிமைகளைச் சுருக்கலாம்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பகவதி. பொதுநல வழக்குக்கு வாசல் திறந்தவர், கொத்தடிமைகளுக்காகத் தீர்ப்புச் சொன்னவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

பிரிக்க முடியாத பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகும் 'நீங்கலாக' அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே அரசின் காகிதங்கள். ஒன்று உரிமையை எடுப்பதற்கு, ஒன்று சலுகையைக் கொடுக்காமல் இருப்பதற்கு.

இது ஒரு தடவை நேர்ந்த பிசகு இல்லை. 1976இல் அச்சுதன் நாயர் என்பவர் பேரில் வந்த வழக்கு ஒன்று உண்டு. ராணுவ மையங்களில் வேலை செய்த சிவில் ஊழியர்கள் சங்கம் வைத்தார்கள். யார் யார்? சமையல்காரர், காவலாளி, லஸ்கர், நாவிதர், தச்சர், மெக்கானிக், பூட்ஸ் தைப்பவர், தையற்காரர். இந்தப் பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம் ஊர் ஜாதிக் கணக்கு மாதிரியே இல்லையா? சங்கம் கூடாது என்றது நீதிமன்றம். இவர்கள் சண்டை போடாவிட்டாலும் படை போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போகிறவர்கள், ஆகவே ஆயுதப் படையின் உறுப்பினர்கள்தான் என்றது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1971இல், குரானா வழக்கு. பாதுகாப்பு பட்ஜெட்டில் சம்பளம் வாங்கும் சிவில் ஊழியருக்கு, விசாரணையில்லாமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிற 311ஆம் பிரிவின் காப்பு கிடையாது என்றானது. ஏனென்றால் அந்தப் பதவி பாதுகாப்போடு தொடர்புடையது! மாலை ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவர்கள் வெறும் சிவிலியன்கள்.

செருப்புத் தைக்கிற சாதியில் பிறந்தவன் நான். பட்டியலில் 'பூட்ஸ் தைப்பவர்' என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன். முதல் உலகப் போரின்போது மதராஸ் மாகாணத்தில் பதப்படுத்திய தோல் ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்காகக் கப்பல் கப்பலாகப் போனது. அந்தத் தோலை உரித்தவர், ஊற வைத்தவர், சுண்ணாம்பில் கை வெந்தவர் யாரையும் படைவீரர் என்று சொல்லச் சொல்லி நான் கேட்க வரவில்லை. அது வீம்பு. ஆனால் அதே போரில் படையோடு கடல் தாண்டிப் போனவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து திரட்டிய பதினாலு லட்சம் பேரில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சண்டை போடாத வேலைக்காரர்கள். மெசபடோமியாவில் ரோடு போட்டார்கள், ரயில் பாதை போட்டார்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மலம் அள்ளினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் ஃபாலோயர், பின்னால் வருகிறவன். அதிலும் மேல், கீழ் இருந்தது. கோவேறு கழுதை ஓட்டுகிறவர் மேல். தண்ணீர் சுமப்பவர், பெருக்குகிறவர், சமைப்பவர் கீழ். குண்டு விழும்போது இந்த வரிசைப்படி விழவில்லை. செத்தபின் பேர் எழுதும்போது வரிசை திரும்பி வந்துவிட்டது. பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பேர் வெட்டினார்கள், இந்தியர்களில் பெரும்பாலோரை எண்ணிக்கையாக வைத்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021இல் தன் அறிக்கையில் இதற்கு இனவெறி ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டது. நூறு வருஷம் கழித்து. சாதிவெறியைப் பற்றி ஒப்புக்கொள்ள அங்கே ஆள் இல்லை. அது நம் பாக்கி.

எம்.ஏ.வில் புறத்திணை நடத்திய ஆசிரியர் வெட்சி, கரந்தை, வஞ்சி என்று உருகி உருகி நடத்துவார். நடுகல் வரும்போது கண் கலங்கும் அவருக்கு. புறநானூற்று 287ஆம் பாட்டில், போர்க்களத்தில் துடி அடிக்கிறவனையும் கோல் பிடித்தவனையும் புலையன், இழிசினன் என்று கூப்பிட்டு, அவர்களிடம் வீரனின் பெருமையைப் பேசுகிறார் புலவர். அம்பு பறக்கிற அதே களத்தில்தான் அவர்களும் நிற்கிறார்கள். துடி நின்றால் போர் நிற்கும். பெருமை யாரைப் பற்றியது, கேட்க நிறுத்தியது யாரை என்று வகுப்பில் கேட்டேன். 'அது உரையாசிரியர்கள் காலத்து அர்த்தம் இல்லப்பா, அந்தக் காலத்துல அது வெறும் தொழிற்பேர்' என்றார். இருக்கலாம். தொழிற்பேராக இருந்தது எப்படி வசவானது என்பதற்கு அவரிடம் நடுகல் எதுவும் இல்லை.

கொங்கு நாட்டில் தீரன் சின்னமலையைத் தெரியாதவர் கிடையாது. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வெள்ளைக்காரப் படையின் நடமாட்டத்தைச் செருப்புக்குள் ஓலை வைத்துத் தைத்து அனுப்பியவர் பொல்லான் என்பது நம் மக்களின் வாய்மொழி. சின்னமலை படைத்தலைவர். பொல்லான்? 'உதவியவர்', 'ஒற்றர்', 'செருப்புத் தைத்துக் கொடுத்தவர்'. ரொம்ப காலம் மேடையில் இப்படித்தான் சொன்னார்கள். அவருக்கு மணிமண்டபம் வேண்டும், அரசு விழா வேண்டும் என்று அருந்ததியர் இயக்கங்கள் எத்தனை வருஷம் மனுக் கொடுத்து நடந்தன என்பது இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த மனுக்களின் சாரம் ஒரே வரிதான்: அவரும் படைவீரர்.

இந்த இடத்தில் தோழர்கள் என்னை மறிப்பார்கள். ஒரு கூட்டத்தில் மறித்தும் இருக்கிறார்கள். 'ராணுவம் அரசின் அடக்குமுறை இயந்திரம். காஷ்மீரிலும் வடகிழக்கிலும் அது என்ன செய்தது என்று தெரியாதா? உங்க பெரியப்பா போட்ட ரோட்டில்தான் அந்த வண்டிகள் போயின. அதில் பங்கு கேட்பதா தலித் அரசியல்?' நல்ல கேள்வி. இதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை, இப்போதும் முழுசாக வரவில்லை.

அம்பேத்கரைத் துணைக்கு இழுத்துத் தப்பித்துவிடலாம். அவர் அப்பா ராம்ஜி சுபேதார். அவர் பிறந்ததே 1891இல் மௌ கண்டோன்மெண்டில். 1818 கோரேகான் தூணில் 'நாக்' என்று முடிகிற மகர் பேர்கள் பொறித்திருக்கின்றன. ஆனால் 1890களில் போர்ச்சாதிக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து மகர்களுக்குப் படையின் கதவைச் சாத்தினார்கள். முதல் உலகப் போருக்கு ஆள் பற்றாதபோது 1917இல் திறந்து, போர் முடிந்ததும் 1921இல் மறுபடி சாத்தி, 1941இல் மறுபடி திறந்தார்கள். தெற்கிலும் இதே கதை. பறையர்கள் திரளாக இருந்த மதராஸ் படையைப் 'போருக்கு லாயக்கற்றது' என்று சுருக்கிக்கொண்டே வந்து, மதராஸ் பயனியர்களை 1933இல் கலைத்தார்கள். யார் வீரன் என்கிற இலக்கணத்தை வைத்திருப்பவன் கையில்தான் கதவின் தாழ்ப்பாளும் இருக்கிறது என்பதை அம்பேத்கர் வீட்டுக் கதையாகவே அறிந்திருந்தார்.

ஆனாலும் தோழர்களின் கேள்வி அப்படியே நிற்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான். ராணுவம் நல்லதா கெட்டதா என்பது ஒரு விவாதம். ஒரு மனிதனின் உழைப்பையும் உடம்பையும் உரிமையையும் எடுத்துக்கொண்ட பிறகு அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது வேறு விவாதம். முதலாவது முடியும்வரை இரண்டாவதைத் தள்ளிவைத்தால் லாபம் அரசுக்குத்தான். பெரியப்பா எல்லை காக்கப் போகவில்லை. பண்ணையத்திலிருந்து தப்பிக்கப் போனார். வடக்கே யாரும் அவரை மாதாரி என்று கூப்பிடவில்லை, 'மதராசி' என்றார்கள். அது ஒன்றுக்கே அவர் அந்தக் குளிரைத் தாங்கியிருப்பார் என்று எனக்குப் படும்.

அப்படியானால் அளவுகோல் எது? ஆபத்து என்று வைத்துப் பார்ப்போம். பதினைந்து வருஷம் சமவெளியில் ஒரு டிப்போவில் கணக்கெழுதி வந்தவர் படைவீரர். பனிக்கு விரலைக் கொடுத்தவர் இல்லை. இது ஒத்துவரவில்லை. துப்பாக்கி என்று வைத்தால், சட்டமே 'சண்டை போடாதவரும்' என்று சேர்த்துக்கொண்டது. விமானப் படையில் நான் காம்பாட்டண்ட் என்று எடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சமைப்பவர்கள், சுத்தம் செய்பவர்கள். பென்ஷனோடு வந்தால் அவர்களும் முன்னாள் படைவீரர்கள்தான். சரியானதுதான் அது. அதே தளத்தில், அதே கக்கூசை, ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கிக்கொண்டு கழுவுகிறவர் மட்டும் யாருமில்லை. அப்புறம் எல்லையில் ரோடு போடுகிற ஆட்களிலேயே கிரெஃப்புக்கும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து பருவத்துக்குப் பருவம் லடாக்குக்குக் கூட்டிப் போகிற சந்தால் ஆதிவாசிகள். பெரியப்பா அவர்களைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும். 'எங்களுக்காவது பூட்ஸ் குடுத்தாங்க கண்ணு' என்பார். அவரும் அவர்கள் மேல் அதிகாரம் செய்திருப்பார்தானே என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டதில்லை.

இப்படி விரித்துக்கொண்டே போனால் எல்லாரும் படைவீரர் ஆகிவிடுவார்கள், அந்தச் சொல்லுக்கே மதிப்பிருக்காது என்று ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் 1971 போரில் இருந்தவர், நம்மவர்தான். அவர் கவலையை நான் தள்ளிவிடவில்லை. குண்டடி பட்டவருக்கும் படாதவருக்கும் வித்தியாசம் வேண்டும். அந்த வித்தியாசத்துக்குப் பதக்கம் இருக்கிறது, ஊன ஓய்வூதியம் இருக்கிறது. நான் கேட்பது வாசல்படியைப் பற்றி. 33ஆம் பிரிவைக் காட்டி யாருடைய உரிமையைச் சுருக்கினாயோ, ராணுவச் சட்டத்தைக் காட்டி யாரைக் கூண்டில் நிறுத்தினாயோ, வேண்டாமென்று விட்டுப் போனால் ஓடிப்போனவன் என்று யாரைப் பிடிப்பாயோ, அவனைப் படைவீரன் என்று நீயே ஏற்கெனவே ஒப்புக்கொண்டாய். கொடுக்கிற நேரத்தில் வேறு அகராதியை எடுக்க உனக்கு உரிமை இல்லை. இந்த அளவுகோலில் பெரியப்பா உள்ளே வருவார். பூட்ஸ் தைத்தவரும் வருவார். கூலி ஆதிவாசியும் ஒப்பந்தக்காரரின் ஆளும் வர மாட்டார்கள். அவர்களுக்கு வேறு நியாயம், வேறு சட்டம் தேடவேண்டும். என் அளவுகோலின் குறை அது.

1975இல் பெரியப்பா முதல் நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்தாராம். அப்பா சொல்லித்தான் தெரியும். அன்னூரில் பஸ் இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்து வந்திருக்கிறார், காலில் பூட்ஸ். வளவுக்குக் குறுக்கு வழி ஊர்த்தெரு. எங்களவர் தைத்த செருப்பை எங்களவர் போட்டு நடக்கக் கூடாத தெரு. திண்ணையில் இருந்த ஒரு பெரிய கவுண்டர், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக, 'ஏன்டா, கழட்டிட்டுப் போறது' என்றிருக்கிறார். பெரியப்பா பெட்டியை இறக்கி வைத்து, உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காலுறையையும் கழற்றச் சொல்லவில்லை, அவரே கழற்றினார். விரல் போன காலை அந்தத் தெரு முதல்தடவை பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நடந்து வந்துவிட்டார்.

அந்தப் பெரிய கவுண்டருக்கு 1979 விதி தெரிந்திருக்க நியாயமில்லை, அது வர இன்னும் நாலு வருஷம் இருந்தது.

பெரியப்பா 2022இல் செத்தார். கொடி போர்த்தவில்லை. வளவுப் பையன்கள் அவருடைய தொப்பியைத் தேடி எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார்கள். அடுத்த வருஷம் அக்கா மகன் அக்னிவீரனாகத் தேர்வாகிப் போனான். நாலு வருஷம். நாலு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம், அதில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்தது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை என்று திட்டமே சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலத்தை முழுசாக முடித்து வருபவனுக்கு 1987 இலக்கணத்தில் இடம் இருந்தது, 'கிராஜுவிட்டியோடு' என்ற ஒரு வார்த்தையின் பேரில். இப்போது கொடுக்கிற பணத்துக்குப் பேரை மாற்றிவிட்டார்கள். மத்திய ஆயுதப் படைகளில் தனி ஒதுக்கீடு என்று அறிவித்தார்கள். அதற்கு 'முன்னாள் அக்னிவீரர்' என்று இன்னொரு பேர். இந்தத் தடவை 'நீங்கலாக'வில் எல்லாச் சாதியும் இருக்கிறது. கிரெஃப்காரனுக்குச் செய்தபோது யாரும் பேசாமல் இருந்தோமே என்று சொல்லிக் காட்ட எனக்கு ஆசைதான்.

போன மாதம் அவன் பேசினான். வெளியே வந்த பிறகு எழுத வேண்டிய பரீட்சைகளுக்கு இப்போதே விண்ணப்பங்களைப் பார்த்து வைக்கிறான்.

"மாமா, 'முன்னாள் படைவீரரா, ஆம், இல்லை'னு ஒரு கட்டம் வருதுங். அதுல நான் என்ன போடறது?"

"இல்லைன்னுதான்டா மாப்ள போடணும்."

"நாலு வருஷம் இருந்துட்டு எப்படீங் மாமா இல்லைன்னு போடறது?"

தாத்தா கேட்ட கேள்வியை அவனிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. "அப்பறம் பேசறனுங் மாமா" என்று வைத்துவிட்டான்.